நான் புரட்டிப் பார்க்காத இமை

போன மாதம் கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கண் முகாம் நடந்தது. ஓய்வு பெற்றவள் என்ற மரியாதைக்கு எனக்கு ஒரு நாற்காலியும் ஒரு சால்வையும் ஒதுக்கியிருந்தார்கள். நாங்கள் டார்ச் லைட்டும் எழுத்துப் பலகையும் தூக்கிக்கொண்டு திரிந்த இடத்தில் இப்போது செல்போன் வந்துவிட்டது. அதன் முதுகில் ஒரு சின்ன லென்ஸை மாட்டிக் கண்ணுக்கு நேரே பிடிக்கிறார்கள். படம் எடுத்த கையோடு திரையில் பச்சையோ சிவப்போ எரிகிறது. பச்சை என்றால் வீட்டுக்குப் போகலாம்.

கடம்பூரிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குக் கண்ணின் வெள்ளையில் கடுகளவு பழுப்புப் புள்ளி இருந்தது. போன் பார்த்தது, பச்சை எரிந்தது. நான் பார்த்த வேலையில் இப்போது இருக்கிற பெண், சிரித்த முகத்தோடு, "மச்சம்தான்க்கா, பயப்பட வேண்டாம்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சால்வையோடு எழுந்து போய், மேல் இமையைப் புரட்டிப் பார்த்தாயா என்று கேட்டேன். "மேடம், போன்ல அது வராதே" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து நானே புரட்டினேன். உள்ளே சுத்தமாக, ரோஜா நிறத்தில் இருந்தது. அதன் பிறகுதான் நாற்காலிக்குத் திரும்பினேன்.

கிழவிக்கு இன்னும் அதிகாரம் போகவில்லை என்று அங்கே இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். எதற்காக எழுந்து போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததே தப்பு.

நான் டாக்டர் இல்லை. அரசாங்கத்தில் கண் மருத்துவ உதவியாளர். பார்வை சோதிப்பது, கண்ணாடிக்கு எழுதுவது, புரை விழுந்தவர்களைப் பொறுக்கி ஆபரேஷனுக்கு அனுப்புவது, தூசி விழுந்தால் எடுப்பது, சந்தேகம் வந்தால் பெரிய டாக்டரிடம் அனுப்புவது இவைதான் என் வேலை. திருநெல்வேலியில் இரண்டு வருஷம் படித்தேன். அதில் நினைவில் நிற்பது விடுதிச் சாம்பாரும், மாட்டுக் கண்ணை அறுத்துப் பார்த்த அன்று சாப்பிடாமல் படுத்ததும்தான். உருப்படியாகக் கற்றுக்கொண்டதெல்லாம் வேலைக்கு வந்த பிறகு டாக்டர் பிரேமாவிடம்.

அவர் யாரையும் திட்ட மாட்டார். திட்டினால்கூடத் தேவலை என்று இருக்கும். நாம் அரைகுறையாக ஏதாவது எழுதிக்கொண்டு போனால் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, அப்படியே நம்மிடம் திருப்பி நீட்டுவார். ஒரு வார்த்தை வராது. நாமாகக் கண்டுபிடித்துத் திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஒரு தடவை நான்கு முறை நடக்கவிட்டார். கடைசியில் என்னவென்றால், நான் வலது கண் என்பதற்குப் பதில் இடது என்று எழுதியிருந்தேன்.

கண் வெள்ளையில் புள்ளி என்று யாராவது வந்துவிட்டால் அவருக்குப் படம் வேண்டும். ஒரு வட்டம் போட்டு, அதைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டு, எத்தனை மணி இடத்தில் புள்ளி இருக்கிறது, எத்தனை மில்லிமீட்டர், என்ன நிறம் என்று கலர் பென்சிலில் வரைய வேண்டும். பழுப்புக்குப் பழுப்பு, கறுப்புக்குக் கறுப்பு. பென்சில் மொண்ணையாக இருந்தால் சீவிக்கொண்டு வரச் சொல்வார். அடுத்த முறை அந்த ஆள் வரும்போது பழைய படத்துக்குப் பக்கத்தில் புதிய படம். வளர்ந்ததா இல்லையா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளலாம், ஞாபகத்தை நம்ப வேண்டாம் என்பது அவர் கட்சி.

பிறகு மூன்று கேள்விகள். இன்னொரு கண்ணிலும் இருக்கிறதா? தள்ளினால் நகர்கிறதா? இமைக்கு உள்ளே என்ன?

நம்மைப் போலக் கறுத்த தோல்காரர்களுக்குக் கருவிழியைச் சுற்றி வெள்ளையில் பழுப்புத் தீற்றல் இருப்பது சாதாரணம். இரண்டு கண்ணிலும் இருக்கும், ஒன்றும் செய்யாது. ஒரு கண்ணில் மட்டும் என்றால்தான் மேற்கொண்டு கேட்க வேண்டும். மரத்துப்போக ஒரு சொட்டு மருந்து விட்டு, நனைத்த பஞ்சுக் குச்சியால் புள்ளியை மெல்லத் தள்ளிப் பார்ப்போம். வெள்ளைக்கு மேலே மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. புள்ளி சவ்வோடு சேர்ந்து நகர்ந்தால் அது சவ்வில் இருக்கிறது. நகராவிட்டால் சவ்வுக்கு அடியில் விழிச்சுவரில் இருக்கிறது, சிலருக்குப் பிறவியிலேயே சாம்பல் நிறத்தில் இருப்பதைப் போல. புள்ளிக்குள் குட்டிக் குட்டிக் குமிழ்கள் தெரிந்தால் நல்ல அறிகுறி, பழைய மச்சம். இதெல்லாம் நல்லபடியாக இருந்தாலும் கடைசிக் கேள்வியை விடக் கூடாது. ஆளைக் கீழே பார்க்கச் சொல்லி, இமை மயிரைப் பிடித்து, மேலே குச்சியை வைத்து அழுத்தி, மேல் இமையைப் புரட்ட வேண்டும். அங்கே உள்பக்கம் நிறம் இருந்தால் மற்றது எதையும் பார்க்காதே, அன்றைக்கே மதுரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பு என்பார். நல்ல மச்சம் அங்கே போய் உட்காருவது அபூர்வம்.

இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். எத்தனையோ முறை செய்திருக்கிறேன், பெருமையாகவே செய்திருக்கிறேன். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து பெண்கள் வருவார்கள். கண்ணில் தூசி விழுந்தால் மருந்து முக்காத வெறும் தீக்குச்சியை எச்சிலில் நனைத்துப் பக்கத்தில் இருப்பவள் எடுத்துவிடுவது அங்கே வழக்கம். ஒருநாள் கழுகுமலையிலிருந்து ஒருத்தி கண் கோவைப்பழமாகச் சிவந்து வந்தாள். கண்ணில் மருந்து பறந்து ஒட்டிக்கொண்டதாம், மூன்று பேர் மாறி மாறிக் குச்சி போட்டும் வரவில்லையாம். பார்த்தால், பாவம், அது பிறவிப் புள்ளி. தோழிகள் மூவரும் சேர்ந்து மச்சத்தைச் சுரண்டியிருக்கிறார்கள். கண்ணாடியைக் கொடுத்து விளக்கினேன். "முப்பது வருசமா என் கண்ணுல கெடக்கா? என் வீட்டுக்காரர் ஒரு நா கூடப் பாத்ததில்லையா?" என்று கேட்டாள். அதிர்ச்சி புள்ளியைப் பற்றியது அல்ல, வீட்டுக்காரரைப் பற்றியது. அவளுக்கும் இமையைப் புரட்டித்தான் அனுப்பினேன்.

அப்படிப்பட்டவள்தான் முத்துச்செல்விக்குப் புரட்டவில்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் இருக்கும். அன்றைக்குப் புரை முகாமுக்கு ஆள் பொறுக்கும் நாள், வரிசை வாசலைத் தாண்டி வேப்பமரம் வரை நின்றது. எப்போதும்வென்றான் ஊருக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வெயிலுமுத்து என்ற பெரியவர், மருமகள் முத்துச்செல்வியைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆடு மேய்க்கிற குடும்பம். அறுப்பு முடிந்த கரிசல் காட்டில் இரவு ஆடுகளை அடைத்துக் கிடை மறிப்பார்கள், புழுக்கை நிலத்துக்கு உரம். மருமகளுக்கு இருபத்து நான்கு வயது இருக்கலாம். இடது கண்ணில், கருவிழிக்கு மேலே, பதினொரு மணி இடத்தில் நல்ல பழுப்பில் ஒரு புள்ளி.

பெரியவர் வைத்தியத்துக்கு வரவில்லை. ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார், அதை ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டாராம். அது வியாதி இல்லை, மச்சம் என்று அரசாங்கத்து ஆள் ஒருவர் வாயால் கேட்டுப் போக வந்திருந்தார். அந்தப் பெண் ஒன்றும் இல்லாத வீட்டுப் பிள்ளையாம். கண்ணில் ராசியான மச்சம் இருப்பதைப் பார்த்துத்தான், போட்ட நகை போதும் என்று மகனுக்குக் கட்டி வைத்தாராம். அவள் வந்த வருஷமே ஆடுகள் இரட்டைக் குட்டி போட்டனவாம். அதிலிருந்து கிடையைப் புதுக் காட்டுக்கு மாற்றும்போதெல்லாம் முதலில் அவளை நிறுத்தி ஆடுகளைப் பார்க்கச் சொல்லுகிறார்களாம். "இவ கண்ணு பட்டா எங்க கிடைக்கு ஒரு கொறையும் வராது, டாக்டரம்மா" என்றார். நான் டாக்டர் இல்லை என்று யாரிடமும் திருத்துகிறவள், அன்றைக்குத் திருத்தவில்லை.

கேள்வி ஒன்று: வலது கண் சுத்தம். அப்போதே நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். கேள்வி இரண்டு: மருந்து விட்டுத் தள்ளினேன், நகர்ந்தது, குமிழ்களும் தெரிந்தன. பரவாயில்லை என்று மனசு அங்கேயே முடிவு கட்டிவிட்டது. கேள்வி மூன்றுக்குக் குச்சியை எடுத்து இமையில் வைத்தேன். அவள் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "கூசுது மேடம்" என்றாள்.

விட்டுவிட்டேன்.

வரிசை நீளம், வண்டிக்காரர் அவசரம் என்று எனக்கு நானே நிறையக் காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எல்லாம் சாக்கு. பதில் தெரிந்துவிட்டது என்ற திமிர்தான் காரணம். படம் வரைந்தேன், மில்லிமீட்டர் போட்டேன், அதற்குக் கீழே, பெரியவர் கேட்டுக்கொண்டதற்காக நல்ல கையெழுத்தில் தமிழில் எழுதினேன்: மச்சம்தான். பயப்பட வேண்டாம். ஆறு மாதத்தில் வரச் சொல்லி வாயால் சொன்னேன். அவர்கள் வரவில்லை. நான் தேடவும் இல்லை.

ஆறு வருஷம் கழித்து அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே கண்ணாடி முகாம். மத்தியானம் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது வெயிலுமுத்து வந்தார். அடையாளம் கண்டு, வீட்டுக்கு வந்து மோர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று அடம் பிடித்தார். தெருவில் நடக்கும்போதே கதை. கிடை மூன்று மடங்காகிவிட்டதாம், கடன் இல்லையாம், ஓட்டு வீட்டுக்குப் பக்கத்தில் மாடி எழும்புகிறதாம். "நீங்க எழுதிக் குடுத்த மச்சமும் கூடவே வளருதும்மா. ஆடு பெருகப் பெருக அதுவும் பெருகுது. இப்ப தூரத்துல நின்னாலே தெரியுது" என்றார்.  வளர்கிறது என்ற ஒரு சொல் காதில் விழுந்ததுமே நடையை எட்டிப் போட்டேன்.

வாசலில் முத்துச்செல்வி ஆட்டுக்குட்டிக்குப் புட்டியில் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். நான் அந்த வேலையில் எவ்வளவோ பார்த்தவள். சுண்ணாம்பு தெறித்து வெந்துபோன கண், மாடு முட்டிப் பிதுங்கிய கண் எல்லாம் பார்த்திருக்கிறேன். அவை எதற்கும் கண்ணை மூடிக்கொண்டதில்லை. அன்றைக்கு ஒரு கணம் மூடிக்கொண்டேன். பழுப்புப் புள்ளி இருந்த இடத்தில் கன்னங்கரேலென்று மேடாக ஒரு சதை. அதற்குத் தடித்த சிவப்பு நரம்புகள் வேறு. கருவிழியின் ஓரத்தில் ஏறத் தொடங்கியிருந்தது.

பெரியவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே போய்ச் சாமிப் படங்களுக்கு நடுவிலிருந்து ஒன்றை எடுத்து வந்து காட்டினார். என் சீட்டு. லேமினேஷன் போட்டு, மூலைகளில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். பதினொரு மணி இடத்தில் பழுப்புப் பென்சிலில் நான் வரைந்த புள்ளி, கீழே என் அழகான கையெழுத்து. ஆறு வருஷமாக வெள்ளிக்கிழமை தோறும் அதற்குச் சூடம் காட்டியிருக்கிறார்கள்.  யாராவது ஓங்கி அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முத்துச்செல்வியைத் திண்ணையில் உட்கார வைத்து, கையைக் கழுவி, குச்சி இல்லாததால் பேனாவின் மூடியை வைத்து இமையைப் புரட்டினேன். இந்த முறை அவள் கூசுகிறது என்று சொல்லவில்லை. உள்பக்கம் பாதிக்கு மேல் கறுப்பு. மை பாட்டில் கவிழ்ந்தது போல. புரட்டிய இமையைத் திருப்பி விடக்கூட மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவள் தானாகக் கண்ணைச் சிமிட்டிச் சரி செய்துகொண்டு, தரையைப் பார்த்தாள்.

புற்று என்ற சொல்லை அங்கே வைத்துச் சொன்னேன். தவறான இடத்தில், தவறான முறையில், அழுகையும் ஆத்திரமுமாகச் சொன்னேன். பெரியவருக்கு முகம் மாறிவிட்டது. அன்றைக்கு ஒன்று எழுதிக் கொடுத்துவிட்டு இன்றைக்கு ஒன்று சொன்னால் எதை நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. புருஷன் கருப்பசாமி அப்பாவுக்கு எதிராக வாய் திறக்கிற ஆள் இல்லை. மச்சத்தில் கத்தி வைத்தால் கிடை அழிந்துபோகும் என்று உள்ளே இருந்து மாமியார் சொன்னாள். மோர் அப்படியே இருந்தது. நான் வண்டி ஏறினேன்.

டாக்டர் பிரேமா அப்போது ஓய்வு பெற்றுக் கோவில்பட்டியிலேயே இருந்தார். நேரே அவர் வீட்டுக்குப் போனேன். முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "முதல் தடவை இமையைப் புரட்டினியா?" இல்லை என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். காரில் போகும்போதும் பேசவில்லை. பழையபடி சீட்டைத் திருப்பி நீட்டியிருக்கிறார், நானாகப் படித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று புரிந்தது.

அந்த வீட்டில் போய் அவர் வியாதியைப் பற்றி எடுத்த எடுப்பில் பேசவில்லை. ஆடுகளைப் பார்க்க வேண்டும் என்றார். பெரியவருக்கு ஆச்சரியம், பட்டிக்குக் கூட்டிப் போனார். ஆடு நன்றாக இருக்கிறது என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வீர்கள் என்று கேட்டார் டாக்டர். ஆடு மேய்க்கிறவரிடம் இப்படிக் கேட்டால் விடுவாரா? ஒரு செம்மறியைக் காலுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு, கட்டை விரலால் அதன் இமையைச் சட்டென்று புரட்டிக் காட்டினார். உள்ளே சிவந்து இருந்தால் ரத்தம் இருக்கிறது, வெளுத்திருந்தால் வயிற்றில் புழு, சந்தையில் இதைப் பார்க்காமல் எந்த ஆட்டையும் பிடிப்பதில்லை என்றார்.  நான் இரண்டு வருஷம் படித்துவிட்டுச் செய்யாமல் விட்டதை அந்த மனுஷர் தினமும் பட்டியில் செய்துகொண்டிருந்தார். மருமகளுக்கு மட்டும் செய்யவில்லை. மருமகள் முகத்தில் மாமனார் கை வைப்பது அவர்கள் வீட்டில் கிடையாது.

"மருமகளையும் ஒரு தடவை பாருங்க" என்றார் டாக்டர்.

பெரியவர் தயங்கினார். முத்துச்செல்வி தானே முன்னால் வந்து, முக்காட்டை விலக்கி, கீழே பார்த்துக்கொண்டு நின்றாள். டாக்டரே இமையைப் புரட்டிப் பிடித்தார். பெரியவர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஆயிரக்கணக்கில் இமை பார்த்த கண் அது, யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நிமிர்ந்தபோது அவர் உதடு கோணியிருந்தது.

"இது ஒரு ஆட்டுக்கு வந்திருந்தா அன்னைக்கே கண்டிருப்பேனே, தாயி" என்றார். அப்படியே பட்டி வேலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளே மதுரை. சதையை மட்டும் எடுத்தால் போதும் என்ற கட்டம் தாண்டியிருந்தது. கண்ணையும் இமைகளையும் சேர்த்து எடுத்தார்கள். உயிர் நிற்குமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. அங்கே நோயாளியின் பழைய விவரம் எழுதும்போது, டாக்டர் பிரேமா பேனாவை என்னிடம் கொடுத்தார். முதல் பரிசோதனையில் மேல் இமை புரட்டிப் பார்க்கப்படவில்லை என்று எழுதி, என் பெயரைப் போட்டு, கையெழுத்துப் போட்டேன். அவர் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டாமல் அவரே வைத்துக்கொண்டார். என் வேலைக் காலத்தில் நான் எழுதியதிலேயே சரியான குறிப்பு அதுதான்.

நான் ஓய்வு பெறும் வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவள் பரிசோதனைக்கு வந்தாளா என்று மதுரை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்பேன். வந்தாள், சுத்தமாக இருந்தது என்பார்கள். ஐந்து வருஷம் தாண்டிவிட்டது. ஆனால் நேரில் போய் நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை. மன்னிப்புக் கேட்காமலே வேலையை முடித்துவிட்டு, மாலையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பள்ளிக்கூட முகாமில் பச்சை விளக்கைப் பார்த்த மறுநாள் பஸ் ஏறினேன்.

மாடி வீடு முடிந்திருந்தது. வெயிலுமுத்து இறந்து இரண்டு வருஷம் ஆகிறதாம். ஆடுகளைப் பாதிக்குப் பாதி விற்றுவிட்டு, மீதியை வைத்துக்கொண்டு உளுந்தும் மக்காச்சோளமும் போடுகிறார்கள். முத்துச்செல்வி களத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். இடது கண் இருந்த இடத்தில் துணிப் பட்டை, மேலே கறுப்புக் கண்ணாடி. என்னைக் கண்டதும் முறத்தை வைத்துவிட்டு, "வாங்க மேடம், இங்கன நெழல்ல உக்காருங்க" என்றாள். வேறு எதுவும் பேசினால் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும் என்று பயந்து, உட்காரும் முன்பே சொல்லிவிட்டேன். முதல் தடவையே நான் இமையைப் புரட்டிப் பார்த்திருக்க வேண்டும், பார்த்திருந்தால் ஒருவேளை உனக்குக் கண் மிஞ்சியிருக்கும், அது என் தப்பு என்றேன்.

அவள் அழுவாள் என்றோ, ஏசுவாள் என்றோ, போகட்டும் விடுங்கள் என்று சமாதானம் சொல்வாள் என்றோ நினைத்துப் போயிருந்தேன். மூன்றும் நடக்கவில்லை. மடியில் ஒட்டியிருந்த உளுந்தந் தொலியைத் தட்டிவிட்டுக்கொண்டு, அப்போதே உள்ளே கறுப்பு இருந்தது மேடம் என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். கல்யாணம் ஆன புதிதில் தூசி விழுந்து கண்ணாடி முன்னால் தானே இமையைத் தூக்கிப் பார்த்தாளாம். இரண்டு இடத்தில் கறுப்பாகத் திட்டு இருந்ததாம். வெளியே இருக்கிற மச்சத்துக்கு ராசி என்று பெயர் இருக்கும்போது, உள்ளே இருப்பதை யாரிடம் சொல்வது? வெளியே இருப்பதைப் பார்த்துத்தான் அவளைக் கட்டினார்கள், அதனால்தான் வேளைக்குச் சோறும், ஒரு சொல் கடுத்துப் பேசாத மாமியாரும். வியாதி என்று ஆனால் மறுநாளே அம்மா வீட்டில் கொண்டு விட்டுவிடுவார்கள். அம்மா வீட்டில் இரண்டு தங்கச்சிகள் கல்யாணத்துக்கு நிற்கிறார்கள். இதையெல்லாம் அவள் ஊரில் யாருக்கோ நடந்தது போலச் சொன்னாள்.

 ஆறு வருஷத்துக்கு மேல் இமைக்கு உள்ளே அதை வைத்துக்கொண்டு, கிடை மாற்றும்போதெல்லாம் முன்னால் நின்று ஆடுகளைப் பார்த்திருக்கிறாள். என் தப்பைச் சொல்லிப் பாரத்தை இறக்கிவைக்கப் போனவள், கேட்டுக்கொண்டு மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். அப்படியானால் அன்றைக்கு ஏன் என்னிடம் வந்தாய் என்று கடைசியில் கேட்டேன்.

"மாமா கூட்டிட்டு வந்தாவ, வந்தேன். வரயில பஸ்ல பூராவும் ஒரே நெனப்புதான். நானா சொன்னாத்தான குத்தம், ஆஸ்பத்திரியில அவியளா கண்டுபிடிச்சா என் மேல பழி இல்லையேன்னு நெனச்சேன். நீங்க குச்சிய எடுத்ததும் பயம் வந்துட்டு. கூசுதுன்னு சொன்னேன்."

 பிறகு முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு தடவதான் சொன்னேன் மேடம். இன்னொரு தடவ கையை வச்சிருந்தியன்னா காமிச்சிருப்பேன்."